கருத்தடை மாத்திரையைத் தொடங்குவதும் முறையாக உட்கொள்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த மாத்திரையைப் பற்றி இங்கே பேசுகிறோம்?

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு வகை ஹார்மோன்களும் சேர்ந்த, தினமும் ஒன்றாக உட்கொள்ள வேண்டிய கருத்தடை மாத்திரையைப் பற்றியே இந்தப் பக்கம் பேசுகிறது. இந்தியாவில் அரசு இலவசமாக வழங்கும் மாலா-என், கடைகளில் மலிவு விலைக்குக் கிடைக்கும் மாலா-டி ஆகிய இரண்டும் இந்த வகையைச் சேர்ந்தவை. ஓர் அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். அவற்றில் 21 வெள்ளை மாத்திரைகளில் மட்டுமே ஹார்மோன் உண்டு, ஒவ்வொன்றிலும் புரோஜெஸ்டிரோன் வகையைச் சேர்ந்த லெவோநார்ஜெஸ்ட்ரெல் 0.15 மில்லிகிராமும், ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த எத்தினில் எஸ்ட்ரடையால் 0.03 மில்லிகிராமும் இருக்கின்றன. மீதமுள்ள 7 பழுப்பு நிற மாத்திரைகள் இரும்புச்சத்துக்கானவை. தனியார் நிறுவனங்கள் இதே மருந்தை 21 மாத்திரைகள் மட்டும் கொண்ட அட்டையாகவும் விற்கின்றன.

வேறு மூன்று மாத்திரைகளை இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. சாயா என்பது ஹார்மோன் இல்லாத வேறொரு மருந்து. முதல் மூன்று மாதங்கள் வாரத்துக்கு இரண்டு முறையும் அதன் பிறகு வாரத்துக்கு ஒரு முறையும் உட்கொள்ள வேண்டியது. அவசரக் கருத்தடை மாத்திரை, பாதுகாப்பில்லாத உறவு நேர்ந்த பிறகு எடுத்துக்கொள்வது. மாதவிடாயைத் தள்ளிப்போடத் தரப்படும் நோரெத்திஸ்டிரோன் மாத்திரையைக் கருத்தடைக்காக நம்பவே கூடாது. மாலா-என்னும் சாயாவும் அதே சுகாதார நிலையத்தில் அதே செவிலியரின் கையிலிருந்து கிடைப்பதால், ஒருவருக்குச் சொன்ன முறையை மற்றவர் கேட்டுப் பின்பற்றிவிடும் அபாயம் இருக்கிறது. மாலா-என்னை வாரத்துக்கு ஒன்று என உட்கொண்டால் கரு தரிப்பதைத் தடுக்க அதனால் முடியாது. வீட்டுக்கு எடுத்து வருவதற்கு முன் அட்டையில் உள்ள பெயரை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

இந்த மாத்திரை எப்படிக் கருவைத் தடுக்கிறது? எவ்வளவு நம்பலாம்?

தினமும் ஒரே அளவில் உள்ளே செல்லும் ஹார்மோன், முட்டையை முதிரச் செய்யும்படி மூளையிலிருந்து சினைப்பைக்குச் செல்லும் கட்டளையை அடக்கி வைக்கிறது. முட்டை வெளிவராதபோது கரு தரிக்க வழியில்லை. கருப்பை வாயில் உள்ள சளி கெட்டியாகி விந்தணுக்கள் உள்ளே செல்வதும் தடைபடுகிறது.

ஒரு மாத்திரைகூட விடாமல் உட்கொள்ளும் பெண்களில், ஓராண்டில் 100 பேருக்கு ஒருவர்கூடக் கருவுறுவதில்லை. நடைமுறையில் அவ்வப்போது மறந்துபோகிறவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், அதே ஓராண்டில் 100 பேரில் ஏறக்குறைய 7 பேர் கருவுறுகிறார்கள். இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரும்பாலும் உட்கொள்ளும் முறையால் வருவது. மருந்துக்கு நோய் தீர்க்கும் வேலை இல்லாததால், மறந்த நாளில் உடம்பு எந்த அறிகுறியும் காட்டாது. அதனால்தான் முறையை இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

யாருக்கு இது ஏற்றதன்று?

தொடங்கும் முன் பிறப்புறுப்பு வழியான உட்பரிசோதனையோ இரத்தப் பரிசோதனையோ கட்டாயமில்லை. ஆனால் இரத்த அழுத்தத்தைப் பார்க்காமல் தொடங்கக் கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். மருந்துக் கடையில் கேட்டு வாங்கித் தாமாகவே தொடங்குகிறவர்களுக்கு விட்டுப்போவது இந்த ஒரு பரிசோதனைதான். துணை சுகாதார நிலையத்திலேயே சில நிமிடங்களில் அதை முடித்துவிடலாம். அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேறு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 160/100ஐத் தொட்டால் இந்த மாத்திரையை எண்ணியே பார்க்கக் கூடாது.

காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள், கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர்கள், நெடுங்காலச் சர்க்கரை நோயால் கண்ணோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டவர்கள், 35 வயதைக் கடந்து புகைபிடிப்பவர்கள் ஆகியோர் இதைத் தவிர்க்க வேண்டும். ஒற்றைத் தலைவலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வலி தொடங்குவதற்கு முன் பார்வையில் மின்னும் கோடுகளோ இருண்ட திட்டுகளோ தோன்றுமானால், அல்லது முகமும் கையும் ஒருபக்கமாக மரத்துப்போகுமானால், வயது எதுவானாலும் இந்த மாத்திரை கூடாது. அத்தகையவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பை ஈஸ்ட்ரோஜன் கூட்டுகிறது. பலர் இதைச் சாதாரணத் தலைவலி என்று நினைத்துச் செவிலியரிடம் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

எந்த நாளில் தொடங்க வேண்டும்?

மாதவிடாய் தொடங்கிய முதல் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் எந்த நாளிலும் முதல் வெள்ளை மாத்திரையை எடுத்துக்கொள்ளலாம். அப்படித் தொடங்கினால் அன்றிலிருந்தே பாதுகாப்பு உண்டு. ஐந்தாம் நாள்தான் தொடங்க வேண்டும் என்று பழைய வழக்கத்தைச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் அதுவரை காத்திருக்கத் தேவையுமில்லை. மாதவிடாய்ச் சுற்று 24, 25 நாட்களிலேயே வந்துவிடுகிறவர்கள் முதல் நாளிலேயே தொடங்குவது நல்லது.

ஐந்து நாட்கள் கடந்துவிட்டால் அடுத்த மாதவிடாய் வரை காத்திருக்கச் சொல்லி அனுப்பிவிடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உள்ளது. அந்த இடைவெளியிலேயே கரு தரித்துவிட வாய்ப்பிருக்கிறது என்பதால் அது சரியான அறிவுரை அன்று. கருவுற்றிருக்கவில்லை என்று நியாயமாக நம்ப முடிந்தால், அதாவது கடந்த மாதவிடாய்க்குப் பிறகு உறவு இல்லாமலோ ஒவ்வொரு முறையும் ஆணுறை சரியாகப் பயன்படுத்தப்பட்டோ இருந்தால், எந்த நாளிலும் தொடங்கலாம். அப்போது முதல் 7 நாட்களுக்கு ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். ஏழு வெள்ளை மாத்திரைகள் தொடர்ந்து உள்ளே சென்ற பிறகே சினைப்பை முழுமையாக அடங்குகிறது. சந்தேகம் இருந்தால் மூன்று வாரங்கள் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ளுங்கள். அறியாமல் கருவுற்ற நிலையில் மாத்திரை உட்கொண்டிருந்தாலும் அது குழந்தைக்கு ஊனத்தை உண்டாக்குவதாகத் தெரியவில்லை.

குழந்தை பிறந்து எத்தனை நாளில் தொடங்கலாம்?

தாய்ப்பால் கொடுப்பவர்கள் குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும் வரை இந்த மாத்திரையைத் தவிர்ப்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். குறிப்பாக முதல் ஆறு வாரங்களில் கண்டிப்பாகக் கூடாது. அந்தக் காலத்துக்குக் கருப்பைக்குள் பொருத்தும் காப்பர்-டி, சாயா, ஆறு வாரத்துக்குப் பிறகு அந்தரா என்ற கருத்தடை ஊசி போன்றவை இருக்கின்றன.

தாய்ப்பால் கொடுக்காதவர்கள் மூன்று வாரம் கழித்துத் தொடங்கலாம். அறுவைச் சிகிச்சையில் பிரசவமானவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், பிரசவத்தின்போது அதிக இரத்தப்போக்கு ஏற்பட்டவர்கள், கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் உயர்ந்தவர்கள் ஆறு வாரம் வரை பொறுத்திருக்க வேண்டும். பிரசவத்தை அடுத்த வாரங்களில் இரத்தம் இயல்பாகவே எளிதில் உறையும் நிலையில் இருக்கும். கருச்சிதைவோ கருக்கலைப்போ ஆனவர்கள் அன்றே தொடங்கலாம். அடுத்த மாதவிடாய்க்கு முன்பே கருவுறும் தன்மை திரும்பிவிடுவதால் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

தினமும் எப்படி உட்கொள்ள வேண்டும்?

அட்டையில் உள்ள அம்புக்குறியின் வழியே, நாளுக்கு ஒன்றாக, ஏறக்குறைய ஒரே நேரத்தில் உட்கொள்ளுங்கள். உறவு உள்ள நாட்களில் மட்டும் எடுத்துக்கொண்டால் போதும் என்ற எண்ணம் முற்றிலும் தவறானது. கணவர் வெளியூரில் இருக்கும் நாட்களிலும் நிறுத்தக் கூடாது. குமட்டல் வருபவர்களுக்கு இரவு உணவுக்குப் பிறகு எடுத்துக்கொள்வது ஒத்துக்கொள்ளும். விரத நாட்களில் வெறும் வயிற்றில் உட்கொண்டாலும் மருந்தின் வேலையில் குறைவிராது. கைபேசியில் நினைவூட்டல் வைத்துக்கொள்வது பயனுள்ளது. கைபேசியைப் பிறர் எடுத்துப் பார்க்கும் வீடுகளில், படுக்கும் முன் தவறாமல் செய்யும் ஏதாவது ஒரு வேலையோடு மாத்திரையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

21 வெள்ளை மாத்திரைகள் முடிந்ததும் 7 பழுப்பு மாத்திரைகள் வரும். அந்த வாரத்தில் இரத்தப்போக்கு ஏற்படும். 28ஆவது மாத்திரை முடிந்த மறுநாளே, இரத்தப்போக்கு நின்றிருந்தாலும் நிற்காவிட்டாலும், அடுத்த அட்டையின் முதல் வெள்ளை மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். 21 மாத்திரை அட்டையாக இருந்தால் ஏழு நாள் இடைவெளி விட்டு எட்டாம் நாள் புதிய அட்டையைத் தொடங்க வேண்டும்.

இந்த முறை முழுவதிலும் மிக முக்கியமான நாள் இதுதான். ஹார்மோன் இல்லாத ஏழு நாட்களில் சினைப்பை மெல்ல விழித்துக்கொண்டு அடுத்த முட்டையை வளர்க்கத் தொடங்குகிறது. எட்டாம் நாள் வெள்ளை மாத்திரை உள்ளே சென்றதும் அந்த வளர்ச்சி நின்றுபோகிறது. புதிய அட்டை வாங்க மறந்ததாலோ, சுகாதார நிலையத்தில் இருப்பு இல்லாததாலோ இடைவெளி ஒன்பது, பத்து நாட்களாக நீண்டால் முட்டை வெளிவந்துவிடக்கூடும். ஆகவே கையில் உள்ள அட்டையைத் தவிர இன்னொரு அட்டையாவது எப்போதும் வீட்டில் இருக்கும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். அது உங்களுக்காகவே அனுப்பப்பட்ட மருந்து.

பழுப்பு மாத்திரைகளை உட்கொள்ளாமல் விட்டால் என்ன ஆகும்?

கருத்தடைக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. ஆனால் அவற்றை எண்ணி முடிப்பதால் நாள் கணக்கு தவறாமல் இருக்கிறது, கொஞ்சம் இரும்புச்சத்தும் சேர்கிறது. தேநீரோடும் காபியோடும் சேர்த்து எடுத்துக்கொண்டால் இரும்பு உடலில் சரியாகச் சேராது என்பதால் தண்ணீரில் விழுங்குங்கள்.

மாத்திரையை மறந்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

எத்தனை வெள்ளை மாத்திரைகள் விடுபட்டன, அட்டையின் எந்தப் பகுதியில் விடுபட்டன என்ற இரண்டையும் முதலில் பாருங்கள்.

ஒன்று மட்டும் விடுபட்டிருந்தால், நினைவு வந்ததும் அதை எடுத்துக்கொண்டு, அன்றைய மாத்திரையை வழக்கமான நேரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டு உட்கொள்ள நேர்ந்தாலும் கேடில்லை. வேறு பாதுகாப்பு தேவையில்லை.

இரண்டோ அதற்கு மேலோ தொடர்ந்து விடுபட்டிருந்தால், கடைசியாக விடுபட்ட ஒன்றை மட்டும் உடனே எடுத்துக்கொண்டு, அதற்கு முன் விடுபட்டவற்றை விட்டுவிட்டு, மற்றவற்றை வழக்கம்போல் தொடருங்கள். அடுத்த 7 நாட்களுக்கு ஆணுறை பயன்படுத்துங்கள் அல்லது உறவைத் தவிருங்கள். இரண்டு மாத்திரைகள் வரை விடுபட்டால் ஆணுறை தேவையில்லை என்று சொல்லும் வழிகாட்டிகளும் உண்டு. 48 மணி நேரம் கடந்தாலே தேவை என்பவையும் உண்டு. எண்ணிக்கையை நினைவிலிருந்து சொல்லும்போது ஒன்று குறைத்துச் சொல்வது மனித இயல்பு என்பதால், கடுமையான விதியையே பின்பற்றும்படி பரிந்துரைக்கிறேன்.

அடுத்தது, எந்த வாரம் என்ற கேள்வி. அட்டையின் நடுவில் விடுபடுவதுதான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். மாதவிடாய்ச் சுற்றின் நடுவில் முட்டை வெளிவரும் என்று கேள்விப்பட்டிருப்பதால் அப்படித் தோன்றுகிறது. மாத்திரை உட்கொள்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஹார்மோன் இல்லாத வாரத்தை ஒட்டிய இரு முனைகளில், அதாவது முதல் வாரத்திலோ மூன்றாம் வாரத்திலோ விடுபடுவதே அந்த இடைவெளியை நீட்டுகிறது.

முதல் ஏழு வெள்ளை மாத்திரைகளுக்குள் இரண்டோ அதற்கு மேலோ விடுபட்டு, கடந்த ஐந்து நாட்களுக்குள் உறவும் நடந்திருந்தால் அவசரக் கருத்தடை மாத்திரை தேவைப்படலாம். லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் எடுத்துக்கொள்ள வேண்டும். 72 மணி நேரம் கடந்திருந்தாலும் மருத்துவரைப் பார்த்தால் வேறு வழி இருக்கக்கூடும். அரசு வழங்கும் அவசரக் கருத்தடை மாத்திரையின் பெயர் ஈசி பில். அதை எடுத்துக்கொண்ட அன்றோ மறுநாளோ அட்டையைத் தொடர்ந்து, 7 நாட்கள் ஆணுறையும் பயன்படுத்த வேண்டும்.

கடைசி ஏழு வெள்ளை மாத்திரைகளில் இரண்டோ அதற்கு மேலோ விடுபட்டிருந்தால், மீதமுள்ள வெள்ளை மாத்திரைகளை முடித்துவிட்டு, பழுப்பு மாத்திரைகளை உட்கொள்ளாமல், மறுநாளே புதிய அட்டையைத் தொடங்குங்கள். அந்த மாதம் இரத்தப்போக்கு வராமல் போகலாம், அதனால் தீங்கில்லை.

மாத்திரை எடுத்த பிறகு வாந்தி வந்தால்?

மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு வெள்ளை மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். கைவசம் கூடுதல் அட்டை இருக்க வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம். கடும் வாந்தியோ வயிற்றுப்போக்கோ இரண்டு நாட்களுக்கு மேல் நீடித்தால், அந்த நாட்களின் மாத்திரைகளை விடுபட்டவையாகவே கருதி மேலே சொன்ன விதிகளைப் பின்பற்றுங்கள்.

வேறு மருந்துகளோடு சேர்த்து உட்கொள்ளலாமா?

சளி, காய்ச்சலுக்குத் தரப்படும் அமாக்சிசிலின் போன்ற வழக்கமான ஆன்டிபயாடிக் மருந்துகளால் பாதிப்பில்லை. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் அப்படிப்பட்டதன்று. அது கல்லீரலைத் தூண்டி, ஹார்மோனை வேகமாகச் சிதைத்து வெளியேற்றிவிடும். மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டாலும் இரத்தத்தில் அதன் அளவு போதாது. காசநோய்க்கான சிகிச்சை பொதுவாக ஆறு மாதங்கள் நீடிக்கும். ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகும் சுமார் நான்கு வாரங்கள் இந்த விளைவு இருக்கும். அதுவரை காப்பர்-டி அல்லது அந்தரா ஊசி ஏற்றது. காசநோய்க்கு மருந்து தருபவர் கருத்தடையைப் பற்றிக் கேட்காமல் விடக்கூடும், நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

வலிப்பு நோய்க்கான ஃபெனிடாயின், கார்பமாசெபின், ஃபீனோபார்பிடோன், டோபிராமேட் ஆகியவையும் மாத்திரையின் திறனைக் குறைக்கின்றன. லாமோட்ரிஜின் உட்கொள்பவர்களுக்கு நேர்மாறாக, கருத்தடை மாத்திரை அந்த மருந்தின் அளவைக் குறைத்து மீண்டும் வலிப்பு வரச் செய்யலாம்.

முதல் மாதங்களில் இடையிடையே இரத்தம் கசிகிறது. நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். முதல் இரண்டு மூன்று மாதங்களில் திட்டுத்திட்டாக இரத்தம் படுவதும், குமட்டலும், மார்பகங்களில் வலியும், இலேசான தலைவலியும் பலருக்கு வந்து தாமாகவே குறைந்துவிடும். நடுவில் நிறுத்தி மீண்டும் தொடங்கினால் கசிவு இன்னும் கூடும், பாதுகாப்பும் போய்விடும். மாத்திரைகளை மறப்பதே கசிவுக்குப் பொதுவான காரணம். ஒன்றும் விடாமல் உட்கொண்டும் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். சிலருக்கு முகத்தில் மங்கு விழலாம். வெயிலில் அதிகம் நிற்பவர்களுக்கு அது கூடுதலாகத் தெரியும்.

பழுப்பு மாத்திரை வாரத்தில் மாதவிடாய் வரவில்லை என்றால்?

எந்த மாத்திரையும் விடுபடவில்லை என்றால் கருவுற்றிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. புதிய அட்டையைக் குறித்த நாளில் தொடங்குங்கள். விடுபட்டிருந்தாலோ, இரண்டு மாதம் தொடர்ந்து வராமல் போனாலோ சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். மாத்திரையால் இரத்தப்போக்கு குறைவதைக் கண்டு, கெட்ட இரத்தம் உள்ளே தங்கிவிடுகிறது என்று அஞ்ச வேண்டியதில்லை. கருப்பையின் உட்படலம் மெல்லியதாக வளர்வதால் வெளியேறுவதற்கு அதிகம் இல்லை. இரத்தசோகை உள்ள பெண்களுக்கு இது ஒரு நன்மையே.

திருவிழாவுக்கோ வீட்டு விசேஷத்துக்கோ மாதவிடாயைத் தள்ளிப்போட முடியுமா?

ஏற்கெனவே இந்த மாத்திரையை உட்கொள்பவர் அதற்காகத் தனி மாத்திரை வாங்க வேண்டியதில்லை. 21 வெள்ளை மாத்திரைகள் முடிந்ததும் பழுப்பு மாத்திரைகளை விட்டுவிட்டு அடுத்த அட்டையின் வெள்ளை மாத்திரைகளைத் தொடர்ந்தால் மாதவிடாய் தள்ளிப்போகும். பாதுகாப்பும் குறையாது.

இரத்தம் உறைந்துவிடும் என்கிறார்களே?

அந்த அச்சத்தில் உண்மை உண்டு, அளவையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மாத்திரை உட்கொள்ளாத, கருவுறாத 10,000 பெண்களில் ஓராண்டில் சுமார் 2 பேருக்கு நாளங்களில் இரத்தம் உறைகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரெல் உள்ள மாத்திரையை உட்கொள்பவர்களில் இது 5 முதல் 7 பேர். ட்ரோஸ்பிரனோன், டெசோஜெஸ்ட்ரெல் போன்ற வேறு புரோஜெஸ்டிரோன் வகைகள் உள்ள மாத்திரைகளில் 9 முதல் 12 பேர். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் உள்ள ஆபத்து இதைவிட அதிகம். விலை கூடிய மாத்திரை என்பதால் பாதுகாப்பும் கூடுதல் என்று எண்ண வேண்டாம். அரசு தரும் மாலா-என்னில் உள்ள லெவோநார்ஜெஸ்ட்ரெல் இந்த வகையில் ஆபத்து குறைந்தது.

ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், இதுவரை இல்லாத கடும் தலைவலி, பார்வை மங்குதல், பேச்சுக் குழறல், கடும் வயிற்றுவலி, கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கருத்தடை மாத்திரை உட்கொள்வதை அங்கே மறக்காமல் சொல்லுங்கள். நீண்ட நாள் படுக்கையில் இருக்க வேண்டிய பெரிய அறுவைச் சிகிச்சை திட்டமிடப்பட்டிருந்தால், நான்கு வாரத்துக்கு முன்பே அதைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிடுங்கள். தொடங்கிய மூன்று மாதத்திலும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புற்றுநோய் வருமா? உடம்பு பெருத்துவிடுமா?

சினைப்பைப் புற்றுநோயும் கருப்பை உட்படலப் புற்றுநோயும் வரும் வாய்ப்பை இந்த மாத்திரை குறைக்கிறது. நிறுத்திய பின்னும் பல ஆண்டுகள் அந்தப் பலன் நீடிக்கிறது. மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பு உட்கொள்ளும் காலத்தில் சிறிதளவு கூடி, நிறுத்திய பிறகு படிப்படியாகக் குறைகிறது. எடையைப் பொறுத்தவரை, மாத்திரையால் பெரிய மாற்றம் வருவதாக ஆய்வுகளில் நிறுவப்படவில்லை. இந்த அச்சங்களில் சில பழைய மாத்திரைகளின் காலத்தவை: 1960இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம் இருந்தது, இன்றைய மாலா-என்னில் இருப்பது 30 மைக்ரோகிராம்.

பால்வினை நோய்களிலிருந்து பாதுகாப்பு உண்டா?

இல்லை. எச்ஐவி உள்ளிட்ட எந்தத் தொற்றையும் இது தடுக்காது. அதற்கு ஆணுறையே வேண்டும்.

ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிறுத்தி உடம்புக்கு ஓய்வு தர வேண்டுமா? பிறகு குழந்தை பிறக்குமா?

ஓய்வு தேவையில்லை. அதனால் நன்மை எதுவும் இல்லை. அந்த ஓய்வு மாதங்களில் விரும்பாத கரு தரிப்பதே மிச்சம். உடல்நலம் நன்றாக உள்ள, புகைபிடிக்காத பெண்கள் மருத்துவரின் கண்காணிப்பில் பல ஆண்டுகள் தொடரலாம்.

மாத்திரை மலட்டுத்தன்மையை உண்டாக்குவதில்லை. திருமணமான புதிதில் முதல் குழந்தையைத் தள்ளிப்போட விரும்பும் பெண்ணிடம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் எழுப்பும் அச்சம் இதுவே என்பதால் ஐயமின்றிச் சொல்கிறேன்: ஹார்மோன் சில நாட்களில் உடலிலிருந்து நீங்கிவிடும், நிறுத்திய முதல் மாதத்திலேயே கருவுறுபவர்களும் உண்டு. குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்தால் கையில் உள்ள அட்டையை முடித்துவிட்டு நிறுத்துங்கள். நிறுத்துவதற்கு முன்பே நாளுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ளத் தொடங்குவது குழந்தையின் முதுகுத்தண்டு வளர்ச்சிக்கு நல்லது. நிறுத்தி மூன்று மாதம் ஆகியும் மாதவிடாய் வராவிட்டால், முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட்டு, மருத்துவரைப் பாருங்கள்.